வெடியுப்பு விளைந்த பாலை

தமிழ் நூலோர் கண்ட பாலை, வேனில் வெம்மையால் வளங்குன்றிய நிலமாகும். மழை பெய்யின் அது மீண்டுந் தளிர்க்கும். தென்னமெரிக்காவின் மேற்குப் பகுதியிலுள்ள அற்றக்காமாப் பாலையோ அத்தகையதன்று. உலகின் மிக வறண்ட நிலங்களுள் ஒன்றாகிய அங்கு, ஆண்டுகள் பல மழையின்றியே கழிதலும் உண்டு. மக்கள் வாழ்தற்குத் தடையாகிய அம் மழையின்மையே அந்நிலத்தின் செல்வத்துக்குங் காரணமாயிற்று. சிலி வெடியுப்பு எனப்படும் சோடியம் நைத்திரேற்று நீரில் எளிதிற் கரைவது. மழை மிக்க நாடாயின் அது என்றோ கரைந்து ஓடியிருக்கும்.

பயிர்க்கு உரமாகவும் வெடிமருந்துக்கு மூலப்பொருளாகவும் பயன்பட்டமையால், பத்தொன்பதாம் நூற்றாண்டில் இவ்வுப்பின் மதிப்பு உயர்ந்தது. சிலி ஒருபுறமும், பெருவும் பொலிவியாவும் மறுபுறமுமாக நின்று 1879 ஆம் ஆண்டிற் பொருத போருக்கு இதுவே முக்கிய காரணம். போரின் முடிவில் உப்பு நிலங்கள் சிலியின் வசமாயின. காலப்போக்கில் அங்கு இருநூற்றுக்கு மேற்பட்ட உப்பாலைகள் எழுந்தன. அவற்றைச் சூழ்ந்து தொழிலாளர் ஊர்களும் அமைந்தன. 1872 ஆம் ஆண்டில் லா பால்மா என்னும் பெயரோடு தோன்றிப் பின்னர் ஹம்பர்ஸ்டன் எனப் பெயர்பெற்ற ஊர் அவற்றுள் ஒன்றாகும்.

தொழிலாளர் நிலத்தின் மேற்படையை வெடிவைத்துத் தகர்த்தனர். பாறைக் கட்டிகளை உடைத்து வண்டிகளில் ஏற்றினர். ஆலையில் அவை நொறுக்கப்பட்டுக் கொதிநீரிற் கரைக்கப்பட்டன. தெளிந்த கரைசல் ஆறியபோது உப்புப் படிகமாயிற்று. பகலில் வெயிலும் இரவிற் குளிரும் அவர்களை வருத்தின.

இவற்றினுங் கொடியது ஊதிய முறையாகும். நாட்டு நாணயத்துக்குப் பதிலாக, ஆலை தானே செய்த வில்லைகளைக் கூலியாகக் கொடுத்தது. அவை அவ்வாலையின் கடையில் மாத்திரமே செல்லும். வேறிடத்தில் மாற்ற முயன்றால் மதிப்புக் குறையும். இவ்வாறு, கொடுத்த கையே கூலியைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. வில்லைகளை முழு மதிப்புக்கு மாற்றித்தரல் வேண்டும் என்பது முதலிய கோரிக்கைகளோடு, 1907 ஆம் ஆண்டு டிசம்பரில் ஆயிரக்கணக்கானோர் வேலையை நிறுத்தி இக்கீக்கே துறைமுகத்திற் கூடினர். 21 ஆம் தேதி, சாந்தா மரியாப் பாடசாலையில் தங்கியிருந்தோர்மீது படையினர் சுட்டதில் மிகப் பலர் மாண்டனர்.

உப்பாலைகளை வீழ்த்தியது வேறொரு நாட்டின் விஞ்ஞானமாகும். காற்றிலுள்ள நைதரசனைக் கொண்டு அமோனியா ஆக்கும் முறையை ஜேர்மானியராகிய ஹேபர் கண்டார். 1913 ஆம் ஆண்டில் அது பெருந்தொழிலாயிற்று. முதல் உலகப் போரின் பின் சிலி உப்பின் சந்தை சரிந்தது. ஹம்பர்ஸ்டன் 1930களிற் புத்துயிர் பெற்று, நாடகசாலையும் நீச்சற் குளமும் உடைய ஊராய் விளங்கியதெனினும், 1960 ஆம் ஆண்டில் ஆளற்றுப் போயிற்று.

யுனெஸ்கோ 2005 ஆம் ஆண்டில் அதனை அயலிலுள்ள சாந்தா லோரா ஆலையோடு சேர்த்து உலக மரபுரிமையாக ஏற்றது. சிலி, பெரு, பொலிவியா என்னும் மூன்று நாட்டாரும் அப்பாலையிற் கூடிவாழ்ந்து, தமக்கென ஒரு பண்பாட்டையும் உரிமை வேட்கையையும் வளர்த்தனர். உப்பின் விலை வீழ்ந்தபின்னும் நிலைத்திருக்கும் அச்செல்வமே அவ்வூரைப் போற்றுதற்குத் தக்க காரணமாகும்.