காஜா தையலும் ஒரு ஃபெல்ட் நட்சத்திரமும்

போன வருஷம் டிசம்பர் தொடக்கத்தில் எனக்கு ஒரு ஆசை வந்தது. கிறிஸ்துமஸுக்கு ஊருக்குப் போகும்போது வழக்கமான கேக், ஸ்வீட் பாக்ஸுக்குப் பதிலாக, வீட்டுக்கு ஒன்று என்று ஃபெல்ட் துணியில் கையால் தைத்த நட்சத்திரம், யானை, மணி இவற்றைக் கொண்டுபோய்க் கொடுக்கலாம் என்று. மொத்தம் பன்னிரண்டு வீடு. எழுதும்போது எளிதாகத் தெரிந்தது.

எங்கள் பக்கம் கிறிஸ்துமஸ் மரம் என்றால் பெரும்பாலும் சவுக்குக் கிளைதான். தோப்பிலிருந்து ஒன்றை வெட்டி வந்து, மண் நிரப்பிய வாளியில் நட்டு, அதில்தான் எல்லாம் தொங்கும். சவுக்கின் சிறு கிளைகள் நூல் மாதிரி. கனமான எதையும் தாங்காது. கண்ணாடி உருண்டை மாட்டினால் கிளை சாய்ந்து வழுக்கிவிடும். கீழே விழுந்தால் சில்லு சில்லாகும். ஃபெல்ட் நட்சத்திரம் ஐந்து கிராம்கூட வராது. விழுந்தாலும் உடையாது. அதனால் என் யோசனை அப்படியொன்றும் மோசமில்லை என்று நினைத்தேன்.

முதல் நட்சத்திரத்தைப் பாதி தைத்த நிலையில் அத்தையிடம் காட்டினேன். (அப்பாவின் அக்கா. புதுக்கோட்டையில் இருக்கிறார்.) கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஓரத்தைத் தடவிப் பார்த்தவர், "இது காஜாதானே தம்பி? என்ன இவ்வளவு தள்ளித் தள்ளிப் போட்டிருக்கே?" என்றார்.

அந்த ஒரு கேள்விதான் இந்தக் கட்டுரை. இணையத்தில் வெளிநாட்டுக்காரர்கள் 'பிளாங்கெட் ஸ்டிச்' என்று காட்டித்தரும் தையலும், சட்டைப் பொத்தான் துளைக்கு நம் டெய்லர்கள் போடும் காஜாவும் எப்படி ஒன்றாக இருக்க முடியும்? ஃபெல்ட்டுக்கு ஏன் இந்தத் தையல்தான் போடுகிறார்கள்? இரண்டையும் கொஞ்சம் தோண்டிப் பார்த்தேன்.

ஃபெல்ட் என்பது நெய்யாத துணி

நாம் உடுத்தும் வேட்டி, சேலை எல்லாம் பாவு, ஊடை என்று இரண்டு திசை நூல்களால் நெய்தவை. கத்தரியால் வெட்டினால் ஓரத்தில் நூல் பிரியும். அதனால்தான் ஓரம் மடித்துத் தைக்கிறோம். ஆட்டு ரோமத்தில் குறும்பர்கள் நெய்யும் கம்பளிகூட நெய்த துணிதான்.

ஃபெல்ட்டில் பாவும் இல்லை, ஊடையும் இல்லை. நூலே இல்லை. இழைகள் தாறுமாறாகச் சிக்கிக்கொண்டு தகடாகியிருக்கின்றன. ஆட்டு ரோமத்தை நுண்ணோக்கியில் பார்த்தால், மேற்பரப்பில் ஓட்டுக்கூரையின் ஓடுகள் போல ஒன்றின்மேல் ஒன்றாகச் செதில்கள் தெரியும். வெந்நீரும் சோப்பும் விட்டுத் தேய்க்கும்போது, இந்தச் செதில்கள் காரணமாக ஒவ்வொரு இழையும் தன் வேர்ப்பக்கமாக மட்டுமே நகரும். முன்னால் போகும், திரும்பி வராது. இப்படி லட்சக்கணக்கான இழைகள் ஒன்றுக்குள் ஒன்று புகுந்துகொண்டால் பிரிக்க முடியாத தகடு கிடைக்கிறது. கம்பளி ஸ்வெட்டரைத் தெரியாமல் வெந்நீரில் போட்டு மெஷினில் சுற்றவிட்டவர்களுக்கு இது அனுபவமாகவே தெரிந்திருக்கும். சுருங்கித் தடித்துக் குழந்தை அளவுக்கு வந்துவிடும். காஷ்மீரின் நம்தா விரிப்பு இதே முறையில் செய்யப்படுவதுதான்.

ஆனால் நம் ஊர் ஃபேன்ஸி ஸ்டோரில் ஏ4 அளவில் வண்ண வண்ணமாகக் கிடைக்கும் ஃபெல்ட் ஷீட் பெரும்பாலும் ஆட்டு ரோமம் இல்லை, பாலியெஸ்டர். பாலியெஸ்டர் இழை வழவழப்பானது. செதில் கிடையாது. வெந்நீரில் போட்டு எவ்வளவு தேய்த்தாலும் ஃபெல்ட் ஆகாது. அதனால் தொழிற்சாலையில், பக்கவாட்டில் சின்னச் சின்ன முட்கள் உள்ள ஆயிரக்கணக்கான ஊசிகளால் பஞ்சுப் படுகையைக் குத்திக் குத்தி இழைகளைச் சிக்கவைக்கிறார்கள். வழி வேறு, விளைவு ஒன்று: வெட்டினால் பிரியாத துணி.

எது எது என்று தெரிந்துகொள்ள ஒரு சின்னச் சோதனை. ஒரு துண்டை இடுக்கியில் பிடித்து, பக்கத்தில் தண்ணீர் வைத்துக்கொண்டு கொளுத்திப் பாருங்கள். ரோமம் என்றால் தலைமுடி கருகும் நாற்றம் வரும், தீயை விலக்கினால் தானே அணையும், சாம்பலை விரலால் நசுக்கினால் பொடியாகும். பாலியெஸ்டர் என்றால் உருகிச் சுருளும், ஆறியபின் கெட்டியான மணியாக நிற்கும். இது வெறும் ஆர்வத்துக்கான சோதனை இல்லை. பாலியெஸ்டர் ஃபெல்ட்டைச் சூடான அயர்ன் பாக்ஸில் தேய்க்கக் கூடாது. குடிலில் ஏற்றும் மெழுகுவத்திக்குப் பக்கத்தில் தொங்கவிடவும் கூடாது.

துணியில் அலங்காரம் செய்து தொங்கவிடுவது நமக்குப் புதிதில்லை. தஞ்சாவூர்ப் பக்கம் தேர்களில் தொங்கும் தொம்பையைப் பார்த்திருப்பீர்கள். ஆனால் பருத்தித் துணியில் உருவம் வெட்டித் தைப்பதென்றால் வளைவுக்கு வளைவு ஓரத்தை உள்ளே மடிக்க வேண்டும். ஃபெல்ட்டில் அந்த வேலையே இல்லை. வெட்டிய ஓரம் அப்படியே நிற்கும். இரண்டு துண்டை ஒன்றன்மேல் ஒன்று வைத்து வெளிப்பக்கமாகவே தைக்கலாம். தையல் மறையாது, அதுவே கரை ஆகிவிடும். ஓரத்தைச் சுற்றி வரும் தையல் தேவைப்படுவது இதனால்தான்.

கண்ணியைப் பிடிக்கும் கண்ணி

தையல் இப்படி. ஊசியை ஓரத்திலிருந்து 4 மி.மீ. உள்ளே முன்பக்கத்தில் குத்தி, பின்பக்கமாக ஓரத்துக்குக் கொண்டுவாருங்கள். இழுத்து முடிப்பதற்குமுன் நூல் ஒரு வளையமாக இருக்கும். ஊசி அந்த வளையத்துக்குள் வெளியே வர வேண்டும். இப்போது இழுத்தால், நூல் ஓரத்தின்மேல் படிந்து ஒரு மூலைமட்டம் போல நிற்கும். 4 மி.மீ. தள்ளி அடுத்தது. ஒவ்வொரு தையலும் தனக்கு முந்தைய தையலின் வளையத்தைப் பிடித்திருக்கும். எங்கள் தொழிலில் சொன்னால் லிங்க்டு லிஸ்ட்.

காஜாவிலும் அடிப்படை இதேதான். ஆனால் இரண்டு வித்தியாசம். முதலாவது, தையல்களுக்கு நடுவே இடைவெளி விடுவதில்லை, ஒன்றையொன்று ஒட்டியே போடுவார்கள். இரண்டாவது, வளையத்தை ஊசியின் அடியில் சுற்றும் விதத்தால் ஒவ்வொரு தையலிலும் ஓரத்தில் ஒரு சின்ன முடிச்சு விழும். பொத்தான் நாளுக்கு எத்தனை முறை உள்ளே போய் வெளியே வந்தாலும் தேய்வது அந்த முடிச்சு வரிசைதான், துணி இல்லை. சட்டைத் துணி நெய்த துணி, வெட்டிய துளை பிரியும், அதனால் நெருக்கம் தேவை. ஃபெல்ட் பிரியாது, அதனால் தள்ளித் தள்ளிப் போட்டாலும் போதும். அத்தையின் கேள்விக்கு இதுதான் பதில். ஆனால் இதைக் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு வாரம் ஆனது.

'காஜா' என்ற சொல்லும் பயணம் செய்து வந்ததுதான். போர்ச்சுக்கீசிய மொழியில் 'காசா' என்றால் வீடு. பொத்தான் துளைக்கும் அதே சொல். பொத்தானின் வீடு! இந்தியிலும் மராத்தியிலும் அது 'காஜ்' ஆனது, நம் தையல் கடையில் 'காஜா'. 'பொத்தான்' என்பதும் போர்ச்சுக்கீசியம்தான். ஜன்னல், சாவி, மேசை, அலமாரி எல்லாம் அதே வழியில் வந்தவை. இலங்கைத் தமிழர்கள் கிறிஸ்துமஸை 'நத்தார்' என்கிறார்களே, அது போர்ச்சுக்கீசிய 'நத்தால்'. எங்கள் மாவட்டத்து ஆவூரில், வீரமாமுனிவர் பணியாற்றிய பெரியநாயகி மாதா கோயிலில் நடக்கும் பாஸ்குவின் பெயரும் அந்த மொழியின் 'பாஸ்கோவா'தான். திருவிழாவின் பெயரும் பொத்தான் துளையின் பெயரும் ஒரே மொழியிலிருந்து வந்திறங்கியவை என்று அத்தையிடம் சொன்னேன். "அப்படியா" என்றார். அவ்வளவுதான்.

பரிசாகப் போன யானை

ஃபெல்ட்டில் உருவம் தைத்துப் பரிசளிப்பதைப் பற்றிப் பேசினால் மார்கரேட்டே ஸ்டைஃப் பற்றிச் சொல்லாமல் முடியாது. ஜெர்மனியின் கீங்கன் என்ற சிறு ஊரில் 1847-ல் பிறந்தவர். ஒன்றரை வயதில் போலியோ தாக்கி இரண்டு கால்களும் செயலிழந்தன. வலது கையும் பலவீனம். ஆனாலும் தையல் கற்றுக்கொண்டார். தையல் மெஷினின் சக்கரம் வலது பக்கம் இருக்குமல்லவா? மெஷினையே திருப்பிவைத்து இடது கையால் சுற்றினார் என்பார்கள். ஊரில் ஃபெல்ட் தொழிற்சாலை இருந்தது. 1877-ல் ஃபெல்ட் ஆடைகளுக்கான கடை ஆரம்பித்தார்.

ஒரு பெண்கள் பத்திரிகையில் வந்த மாதிரியைப் பார்த்து 1880-ல் ஃபெல்ட்டில் சின்ன யானை செய்தார். நோக்கம் குண்டூசி குத்திவைக்கும் மெத்தை. தெரிந்தவர்களுக்குப் பரிசாகக் கொடுத்தார். அந்த வீட்டுக் குழந்தைகள் குண்டூசியைப் பிடுங்கிப் போட்டுவிட்டு யானையோடு விளையாட ஆரம்பித்தார்கள். அங்கிருந்துதான் ஸ்டைஃப் பொம்மை நிறுவனம் வளர்ந்தது. 1902-ல் அவருடைய அண்ணன் தம்பி பிள்ளைகளில் ஒருவரான ரிச்சர்ட் வடிவமைத்த கரடிதான் பிற்பாடு உலகமறிந்த டெடி பேர்களில் ஒன்று. என் பட்டியலில் யானை சேர்ந்தது இந்தக் கதையால்தான்.

செய்முறையும் கணக்கும்

செய்து பார்க்க விரும்புகிறவர்களுக்கு என் அளவுகள்: 9 செ.மீ. விட்டமுள்ள வட்டத்துக்குள் அடங்கும் ஐந்து முனை நட்சத்திரம். அட்டையில் ஒன்றை வரைந்து வெட்டிக்கொள்ளுங்கள். இரண்டு ஃபெல்ட்டையும் சேர்த்து வைத்து ஒரே வெட்டாக வெட்டக் கூடாது, கீழ்த்துண்டு நழுவும். தனித்தனியாக வெட்டுங்கள். எம்பிராய்டரி நூல் ஆறு இழையாக இருக்கும், இரண்டு இழை மட்டும் பிரித்துக் கோர்த்தால் போதும். தொங்கவிடும் நூலை மேல்முனையில் இரண்டு துண்டுக்கும் நடுவே முதலிலேயே வைத்துவிடுங்கள். ஒரு பக்கத்தில் 3 செ.மீ. விட்டுவிட்டுச் சுற்றிலும் தைத்து, அந்த வழியாக இலவம் பஞ்சைக் கொஞ்சம் கொஞ்சமாக, பென்சிலின் பின்பக்கத்தால் முனைகளுக்குத் தள்ளி, பிறகு மூடுங்கள்.

என் முதல் நட்சத்திரத்தில் முனைகள் வாய் பிளந்து நின்றன. அத்தை சொன்ன வைத்தியம்: "முனையில ஒரே ஓட்டையில மூணு தடவை குத்து. நடுவுல ஒண்ணு, ரெண்டு பக்கமும் ஒண்ணொண்ணு. உள்குழியில ஒண்ணே ஒண்ணு, கொஞ்சம் ஆழமா." அப்படிப் போட்டதும் சரியாகிவிட்டது.

கணக்குப் போடுவது என் பழக்கம். இந்த நட்சத்திரத்தின் சுற்றளவு கிட்டத்தட்ட 33 செ.மீ. 4 மி.மீ.க்கு ஒன்று என்றால் 82 தையல். ஒரு தையலுக்கு ஓரத்தில் 4, முன்னால் 4, பின்னால் 4, துணியின் தடிமனுக்கு 2, ஆக 14 மி.மீ. நூல். மொத்தம் 115 செ.மீ. ஒரே நீளமாகக் கோர்த்தால் சிக்கும். 50 செ.மீ. வீதம் மூன்று தடவை கோர்ப்பது நல்லது. 8 மீட்டர் சிட்டம் ஒன்றில் 15 நட்சத்திரம் வரை வரும். கை பழகியபின் ஒரு நட்சத்திரத்துக்கு எனக்கு 50 நிமிஷம்.

அப்புறம்தான் அடுத்த கணக்கு தோன்றியது. அத்தை ஒரு காலத்தில் எடுத்த காஜா உள்ள பழைய சட்டை ஒன்று வீட்டில் இருந்தது. லென்ஸ் வைத்து எண்ணினேன். ஒரு காஜாவில் 34 தையல். அரைக்கைச் சட்டைக்கு முன்னால் ஆறு, பாக்கெட்டில் ஒன்று. ஏழு காஜா, 238 தையல். அதாவது ஒரு சட்டை என்பது மூன்று நட்சத்திரம்.

தையல் கடையில் தொழில் பழக வரும் பையன்களுக்கு முதல் வேலையே காஜா எடுப்பதுதான். ஆள் போதாத கடைகள் சட்டைகளை மூட்டையாகக் கட்டி வீடுகளுக்குக் கொடுத்துவிடும். அத்தை அப்படி வாங்கிச் செய்தவர். கூலி பைசாக் கணக்கு. "தீபாவளி, கிறிஸ்துமஸ் சீசன்ல ஒரு நாளைக்குப் பத்துச் சட்டை முடிப்பேன்" என்றார். பத்துச் சட்டை என்றால் 2,380 தையல். என் வேகத்தில் அது 24 மணி நேர வேலை. சமைத்து, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பி, மிச்ச நேரத்தில் செய்தது. பிறகு கடைகளுக்குக் காஜா மெஷின் வந்தது, மூட்டை வருவது நின்றது.

"டிசம்பர் பூரா ஊருக்கெல்லாம் காஜா எடுத்து முடிச்சு, இருபத்திநாலாம் தேதி ராத்திரிதான் நிமிருவேன். நம்ம வீட்டுக்குன்னு எப்பத் தச்சேன்?"

அவர் குறை சொல்லும் தொனியில் சொல்லவில்லை. கேட்டதற்குச் சொன்னார். ஆனால் என் பன்னிரண்டு வீட்டுப் பட்டியலில் அத்தை வீட்டுக்கு எதிரே 'மணி' என்று எழுதியிருந்தேன். வட்டமாக இருப்பதால் சீக்கிரம் முடியும் என்பதற்காக. அதை அடித்துவிட்டு 'நட்சத்திரம்' என்று மாற்றினேன். இடைவெளி விடாமல், அவர் போடுவது மாதிரியே ஒட்டி ஒட்டி முடிச்சுக் காஜாவாகவே சுற்றிலும் போட்டேன். மூன்று ராத்திரி ஆனது. கிறிஸ்துமஸ் அன்று கொடுத்தபோது, வாங்கியதும் திருப்பிப் பின்பக்கத்தைத்தான் முதலில் பார்த்தார். டெய்லர் வேலை தெரிந்தவர்கள் எல்லாரும் அப்படித்தான்.

"முனை சரியா வந்திருக்கு. இந்த இடத்துல மட்டும் நூலைக் கூட இழுத்துட்டே" என்றார். பார்த்தேன், இழுத்துத்தான் இருந்தது.