சமூகப் பணியும் ஆன்மீகமும்: செவிகொடுத்தலே தொடக்கம்

நம் திருச்சபைகள் நடத்தும் மருத்துவமனைகளிலும் முதியோர் இல்லங்களிலும் இருவகைப் பணியாளரைக் காண்கிறோம். உணவு, மருந்துச் செலவு, கடன், குடும்பச் சிக்கல் ஆகியவற்றைக் கவனிப்பவரைச் சமூகப் பணியாளர் என்கிறோம். திருமறையோடு வந்து, வாசித்து, செபித்துச் செல்பவரை ஆயர் என்கிறோம். இருவரும் தாழ்வாரத்தில் சந்திக்கும்போது வணக்கம் கூறிக்கொள்வர். பெரும்பாலும் அதற்குமேல் அவர்களுக்குள் பேச்சு நிகழ்வதில்லை. மனிதனை இவ்வாறு பங்கிட்டுக்கொள்வது முறையா? சமூகப் பணியில் ஆன்மீகத்திற்கு இடம் உண்டெனில், அஃது எத்தகைய இடம்? இவ்வினாக்களுக்கு விடை காண முயல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

நான் ஆயர் பணியில் சேர்ந்த புதிதில் நிகழ்ந்த ஒன்றை முதலில் கூற விரும்புகிறேன். சர்க்கரை நோயினால் ஒரு கால் நீக்கப்பட்ட முதியவர் ஒருவரை மருத்துவமனையில் மும்முறை சந்தித்தேன். மும்முறையும் சங்கீதம் வாசித்தேன், செபித்தேன், கடமையை நிறைவேற்றிய மனநிறைவோடு திரும்பினேன். அவர் உறக்கமின்றி வாடுவதைக் கண்ட சமூகப் பணியாளர், கிறிஸ்தவரல்லாத ஓர் இளம்பெண், அருகில் அமர்ந்து, "உங்கள் மனத்தை உறுத்துவது என்ன, ஐயா?" என்று கேட்டிருக்கிறார். நீண்ட நேரம் மௌனமாயிருந்த முதியவர், "என் காலை எங்கே புதைத்தார்கள், அம்மா? உயிர்த்தெழும் நாளில் நான் எப்படி எழுந்து நிற்பேன்?" என்றாராம்.

அப்பெண் மருத்துவமனை ஊழியரிடம் விசாரித்து, கால் விதிமுறைப்படி எரிக்கப்பட்டதை அறிந்தார். பின்னர் என்னிடம் வந்து, "இதற்கு உங்கள் சமயம் கூறும் விடையை நான் அறியேன்; நீங்கள்தான் அவரோடு பேச வேண்டும்" என்றார். நான் வெட்கினேன். மும்முறை செபித்த எனக்குப் புலப்படாத ஆன்மீக வினா, ஒருமுறை செவிகொடுத்த அவருக்குப் புலப்பட்டுவிட்டது. அன்று மாலை திருமறையை மூடி வைத்துவிட்டு, முதியவர் பேசி முடிக்கும்வரை கேட்டேன். கால் எரிக்கப்பட்டதை மறைக்காமல் கூறினேன். பின்னரே, விதைக்கப்படும் விதையையும் முளைத்தெழும் பயிரையும் பற்றிப் பவுல் கூறுவதைக் (1 கொரி. 15) குறித்துச் சிறிது பேசினேன்.

பிரிவினை வந்த வழி

சமூகப் பணி என்னும் தொழில் சமயத்தின் மடியில் பிறந்ததே. இங்கிலாந்தின் மருத்துவமனைச் சமூகப் பணியாளர்கள் நெடுங்காலம் 'ஆல்மனர்' என்றே அழைக்கப்பட்டனர். பழைய துறவு மடங்களில் ஏழைகளுக்குத் தர்மம் பங்கிட்டவரின் பெயர் அது. 1895-ஆம் ஆண்டில் இலண்டன் ராயல் ஃப்ரீ மருத்துவமனையில் மேரி ஸ்டூவர்ட் முதல் ஆல்மனராக அமர்ந்தார். இந்தியாவிலும், அமெரிக்க அருட்பணியாளரான கிளிஃபர்டு மேன்ஷார்ட்டின் முயற்சியால் 1936-ஆம் ஆண்டில் பம்பாயில் தொடங்கப்பட்ட பள்ளியே, இன்றைய டாட்டா சமூக அறிவியல் நிறுவனமாக வளர்ந்தது.

ஆயினும் அத்தொடக்க காலத்தில் சமயம் பெரும்பாலும் நீதிபதியின் இருக்கையிலேயே அமர்ந்திருந்தது என்பதையும் நாம் மறைத்தலாகாது. 1869-ஆம் ஆண்டில் இலண்டனில் நிறுவப்பட்ட அறக்கொடை ஒழுங்கமைப்புச் சங்கம், உதவிக்குத் தகுதியுள்ள ஏழை யார், தகுதியற்ற ஏழை யார் என்று ஒழுக்கத்தின் அடிப்படையில் பிரித்துப் பார்த்தது. மேரி ஸ்டூவர்ட்டுக்கு முதலில் ஒப்படைக்கப்பட்ட வேலையும், பணம் செலுத்த வல்லோர் இலவச மருத்துவத்தைப் பெறாதபடி தடுப்பதே. இத்தகைய தீர்ப்பிடுதலை விட்டு விலகவும், அறிவியல் சார்ந்த தொழிலாக நிலைபெறவும் விரும்பிய சமூகப் பணி, காலப்போக்கில் சமயத்தை வாசலுக்கு வெளியே நிறுத்தியது. உதவியைக் காட்டி மதமாற்றம் செய்கின்றனர் என்னும் ஐயமும் இவ்விலகலுக்குத் துணைநின்றது.

இங்கு ஒரு வியப்பு உண்டு. சமூகப் பணி மாணாக்கர் இன்றும் பயிலும் ஏழு நெறிகளை, அதாவது ஏற்றுக்கொள்ளுதல், தீர்ப்பிடாமை, இரகசியம் காத்தல், நாடி வருபவரின் தன்முடிவு உரிமையை மதித்தல் முதலியவற்றை, 1957-ஆம் ஆண்டில் நூலாக வகுத்தளித்த ஃபீலிக்ஸ் பீஸ்டெக் ஒரு கத்தோலிக்கக் குரு ஆவார். வாசலுக்கு வெளியே நிறுத்தப்பட்ட ஆன்மீகம், தீர்ப்பிடாமை என்னும் உடையணிந்து உள்ளே வந்துவிட்டது எனலாம்.

ஒரு சாளரத்தின் வரலாறு

பிரிந்தவற்றை மீண்டும் இணைத்த முயற்சிகளுள் சிறந்ததாக நான் கருதுவது சிசிலி சாண்டர்ஸ் அம்மையாரின் (1918-2005) பணி. செவிலியாகப் பயிற்சி பெற்ற இவர், முதுகுவலியால் அப்பணியைத் தொடர இயலாமல் ஆல்மனரானார். 1947-ஆம் ஆண்டில் இலண்டன் மருத்துவமனை ஒன்றில், புற்றுநோயால் மரணத்தை நெருங்கிக்கொண்டிருந்த தாவீது தாஸ்மா என்னும் போலந்து நாட்டு யூதரைச் சந்தித்தார். அவர் உற்றார் உறவினரற்றவர். பிறந்ததற்கு ஒரு பயனும் இல்லாமற் போயிற்றே என்று ஏங்கியவர்.

ஒருநாள் ஆறுதலாக ஏதேனும் கூறுமாறு தாஸ்மா வேண்டினார். சாண்டர்ஸ் தாம் மனப்பாடமாக அறிந்திருந்த சங்கீதங்களைச் சொன்னார். பின்பு, புத்தகத்திலிருந்து வாசிக்கட்டுமா என்று வினவியபோது, வேண்டாம், உம்முடைய சிந்தையிலும் இருதயத்திலும் இருப்பதே எனக்கு வேண்டும் என்று தாஸ்மா கேட்டுக்கொண்டார். 1948-இல் இறந்த அவர், சாண்டர்ஸ் என்றேனும் கட்டப்போகும் இல்லத்தில் தாம் ஒரு சாளரமாக இருக்க விரும்புவதாகக் கூறி, 500 பவுனை விட்டுச் சென்றார். அச்சாளரத்தைச் சுற்றி இல்லம் எழும்பப் பத்தொன்பது ஆண்டுகள் ஆயின. இடையில் சாண்டர்ஸ் மருத்துவம் பயின்று 1957-இல் மருத்துவரானார். 1967-இல் தென் இலண்டனில் புனித கிறிஸ்டோபர் இல்லம் திறக்கப்பட்டது. கிறிஸ்தவ அடித்தளத்தின்மேல் நிறுவப்பட்ட அவ்வில்லம், எச்சமயத்தவருக்கும் சமயமற்றோருக்கும் திறந்திருந்தது.

சாண்டர்ஸின் பெருங்கொடை 'முழு வேதனை' என்னும் கருத்தாகும். வலியைப் பற்றி அவர் வினவியபோது நோயாளி ஒருவர், முதுகில் தொடங்கிய வலி இப்பொழுது தம்மை முழுவதுமே பற்றிக்கொண்டதாக உணர்த்தினார். உடல்நோவு, மனக்கலக்கம், குடும்பத்தையும் பணத்தையும் பற்றிய கவலை, வாழ்வின் பொருள் குறித்த தவிப்பு ஆகிய நான்கும் ஒரே வேதனையின் இழைகள் என்பதை அம்மையார் கண்டார். ஓர் இழையைத் தொடாமல் மற்றொன்றை அவிழ்க்க இயலாது. உலகச் சுகாதார நிறுவனம் 2002-ஆம் ஆண்டில் நோய்த்தணிப்புப் பராமரிப்புக்கு வகுத்த இலக்கணத்திலும் ஆன்மீகத் துன்பம் இடம்பெற்றுள்ளது.

திருமறை காட்டும் நெறி

இந்நெறி நமக்குப் புதியதன்று. சூரைச்செடியின் கீழ்ச் சாக விரும்பிய எலியாவிற்குத் தேவதூதன் முதலில் கொடுத்தவை அப்பமும் தண்ணீரும் உறக்கமுமே; மெல்லிய சத்தம் பின்னரே வந்தது (1 இராஜா. 19). பர்திமேயுவின் குருட்டுத்தன்மை கண்கூடாயிருந்தும், அவன் விரும்புவது யாதென ஆண்டவர் அவனையே கேட்டார் (மாற். 10:51). யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் பேசாமல் தரையில் அமர்ந்திருந்தவரையில் நல்ல ஆயர்களாயிருந்தனர் (யோபு 2:13). வாய் திறந்து விளக்கமளிக்கத் தொடங்கியபோதுதான் நண்பனுக்குப் பாரமாயினர். குணமடைந்த பத்துப் பேரில் ஒன்பது பேர் நன்றி கூறத் திரும்பவில்லை, ஆண்டவர் அதுபற்றி வருந்தினாரேயன்றி, அவர்களுடைய குணத்தைத் திரும்பப் பெறவில்லை (லூக். 17:11-19). நம்முடைய உதவிக்கு விலையாக எவருடைய விசுவாசத்தையும் கேட்க நமக்கு உரிமையில்லை என்பதற்கு இதனினும் தெளிந்த சான்று வேண்டுமோ?

நடைமுறையில்

முதலாவது, வினவக் கற்றுக்கொள்வோமாக. அமெரிக்க மருத்துவர் கிறிஸ்டினா புகால்ஸ்கி 1996-ஆம் ஆண்டில் உருவாக்கிய முறையில் நான்கு பொருள்கள் பற்றி வினவப்படுகின்றன: உம் வாழ்வுக்குப் பொருள் தரும் நம்பிக்கை யாது? அஃது உம் வாழ்வில் எத்துணை முக்கியமானது? உமக்குத் துணைநிற்கும் கூட்டத்தார் யார்? இவற்றை நாங்கள் எவ்வாறு கருத்திற்கொள்ள வேண்டும்? இவை எச்சமயத்தவரிடமும் கேட்கத்தக்க வினாக்கள். விடை நம் விசுவாசத்திற்கு மாறாக வரினும் அதனை மதித்தல் வேண்டும். இசுலாமிய நோயாளிக்குத் தொழுகைக்கு இடம் ஒழுங்குசெய்து கொடுப்பதும் ஆன்மீகப் பணியே.

இரண்டாவது, உதவி பெறுபவர் நம் கையை எதிர்நோக்கி நிற்பவர் என்பதை மறவாதிருப்போமாக. "செபிக்கலாமா?" என்று நாம் கேட்டால், வேண்டாம் என்று கூற அவருக்குத் துணிவு வராது. ஆதலால் அவர் கேட்கும் செபமே சிறந்த செபம். கேளாதவருக்காக நம் அறையில் முழங்காற்படியிட யார் தடை?

மூன்றாவது, ஆன்மீகத்தின் பெயரால் நீதியை ஒத்திவைத்தலாகாது. கிடைக்கவேண்டிய ஓய்வூதியம் கிடைக்காததால் வாடும் விதவைக்குப் பொறுமையைப் பற்றி அருளுரை வழங்குவது ஆறுதலன்று. அவருக்காக அலுவலகத்தின் படியேறுவதே அன்று நாம் செலுத்தவேண்டிய ஆராதனை.

நான்காவது, ஆயரும் சமூகப் பணியாளரும் ஒருவர்க்கொருவர் மாணாக்கராதல் வேண்டும். நம் இறையியல் மாணாக்கர் களப்பயிற்சியில் சமூகப் பணியாளரோடு அமர்ந்து கேட்கும் கலையைப் பயில்வார்களாக. தம் அறிவின் எல்லையை உணர்ந்து பிறரை அழைக்கும் தாழ்மையையும் அவர்களிடமிருந்தே கற்கலாம்.

அந்த முதியவர் சில வாரங்களுக்குப் பின் ஊன்றுகோலின் துணையோடு வீடு திரும்பினார். அப்பெண் அவருக்கு ஊன்றுகோலைப் பெற்றுத் தந்தார். நான் நம்பிக்கையின் சொல் ஒன்றைத் தந்தேன். எது சமூகப் பணி, எது ஆன்மீகப் பணி என்று பிரித்துக் காட்ட இன்றளவும் என்னால் இயலவில்லை. இருவருக்கும் கதவைத் திறந்தது அப்பெண் கேட்ட ஒரு கேள்வி என்பதை மட்டும் அறிவேன். நாம் அடுத்த முறை நோயாளியின் படுக்கையருகே செல்லும்போது, திருமறையைத் திறக்குமுன் செவியைத் திறப்போமாக.