மீண்டும் கல்லூரிக்கு

திருச்சிராப்பள்ளியிலிருந்து புதுக்கோட்டைக்குச் செல்லும் நெடுஞ்சாலையில், ஏறத்தாழ நடுவழியில் அமைந்திருக்கிறது கீரனூர். குளத்தூர் வட்டத்தின் தலைமையிடம் அது. வார நாள்களில் காலை வேளையில் அங்கே பேருந்துக்காகக் காத்து நிற்கும் கல்லூரி மாணவர்களை அடையாளம் கண்டுகொள்ள யாரும் சிரமப்பட வேண்டியதில்லை. ஞாயிற்றுக்கிழமையன்று அதே நிறுத்தத்தில் வேறு வகையான மாணவர் ஒருவர் நிற்கக்கூடும். அவருக்கு வயது முப்பத்தைந்தோ நாற்பதோ இருக்கும். கையில் ஒரு துணிப்பை. அதனுள் குறிப்பேடும் பாடநூலும் மதியத்துக்குக் கட்டிய சோறும் இருக்கும். உறவினர் வீட்டு விசேஷத்துக்குப் போகிறார் போலும் என்று நாம் எண்ணிக்கொள்வோம். அவர் செல்வது தொலைநிலைக் கல்வியின் நேர்முக வகுப்புக்கு என்பது நமக்குத் தோன்றாது.

மாணவ நண்பர்களே, இத்தகையவரைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் முதலில் கேட்கப்படும் கேள்வி ஒன்று உண்டு. “இந்த வயதில் பாடம் மண்டையில் ஏறுமா?” என்பதே அது. கேட்பவர் அதனைக் கனிவோடுதான் கேட்கிறார். ஆயினும் அது தவறான கேள்வி என்பது என் கருத்து. பாடம் ஏறுவதற்கு மண்டையில் இடம் இருக்கிறது. நாளில்தான் இடம் இல்லை. இடையில் விட்ட படிப்பை மீண்டும் தொடங்குவோரின் இடர்ப்பாடு அறிவைப் பற்றியதன்று, பொழுதைப் பற்றியது.

முதலில் அந்த அறிவைப் பற்றிய அச்சத்தைப் பார்த்துவிடுவோம். ஜெர்மானிய அறிஞர் எபிங்ஹாஸ் என்பவர் பொருளற்ற அசைகளைத் தாமே மனப்பாடம் செய்து, எவ்வளவு நேரத்தில் எவ்வளவு மறந்துபோகிறது என்று அளந்து, 1885-ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டார். படித்ததில் பெரும்பகுதி முதல் நாளிலேயே நழுவிவிடுகிறது என்பதும், இடைவெளி விட்டுத் திரும்பத் திரும்பப் படித்தால் நிலைத்து நிற்கிறது என்பதும் அவர் கண்ட முடிவுகள். மறதி முதுமையின் குற்றமன்று. மனித மனத்தின் இயல்பே அது. பதினெட்டு வயது மாணவனும் மறக்கிறான்; ஆனால் அவனை யாரும் அதற்காகச் சந்தேகிப்பதில்லை. அமெரிக்க உளவியலார் தார்ண்டைக் 1928-இல் வயது வந்தோரின் கற்றலைப் பற்றி ஒரு நூல் எழுதினார். நாற்பதை எட்டியவரிடம் கற்கும் ஆற்றல் சிறிதளவே குறைகிறது என்றும், அக்குறைவு கற்பதற்குத் தடையாகாது என்றும் அவர் சோதனைகளைக் கொண்டு காட்டினார். பின்னர் ரேமண்ட் கேட்டல் என்பவர் 1963-இல் அறிவுத்திறனை இரு கூறாகப் பிரித்து ஆராய்ந்தார். முன்பின் அறியாத புதிரை விரைந்து அவிழ்க்கும் திறன் ஒன்று. வாழ்ந்து சேர்த்த அறிவைப் பயன்படுத்தும் திறன் மற்றொன்று. முன்னது இளமையில் மிகுதி. பின்னது நடுவயது கடந்தும் நெடுநாள் தளராமல் நிற்கிறது. வங்கிக் கடனுக்கு வட்டி கட்டியவருக்குப் பொருளியல் பாடத்தில் வட்டி வீதம் என்பது வெறும் சொல்லாக இராது. ஊராட்சி அலுவலகத்தில் மனுவோடு காத்திருந்தவருக்கு உள்ளாட்சி நிருவாகம் என்ற பாடம் பாதி தெரிந்த பாடமே.

ஆகவே மூளையை விட்டுப் பொழுதுக்கு வருவோம். கீரனூரில் வாழும் அத்தகைய அம்மையார் ஒருவரின் நாளைக் கற்பனையில் தொடர்ந்து பாருங்கள். விடியுமுன் எழுந்தால்தான் குழந்தைகள் பள்ளிக்குப் போகுமுன் சமையல் முடியும். பகல் முழுதும் கூலி வேலையோ, கடையோ, அலுவலகமோ அவரை இழுத்துக்கொள்கிறது. மாலையில் மீண்டும் அடுப்பு. இரவு ஒன்பதரைக்கு மேல் வீடு அடங்கிய பிறகு நூலை விரிக்கிறார். இரண்டு பக்கம் படிப்பதற்குள் கண் செருகுகிறது. மறுநாள் அந்த இரண்டு பக்கத்தையும் மீண்டும் முதலிலிருந்து படிக்கிறார். நம்மைப் போன்ற ஆசிரியர்கள் நாள்தோறும் இரண்டு மணி நேரம் படியுங்கள் என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். அவரிடம் இரண்டு மணி நேரம் ஒருசேர என்றும் இருப்பதில்லை. பத்து நிமிடம் இங்கே, கால் மணி அங்கே என்று துண்டு துண்டாகவே கிடைக்கிறது. இதில் ஒரு நன்மையும் உண்டு. எபிங்ஹாஸ் சொன்ன இடைவெளி விட்ட படிப்பு இவருக்கு வேண்டாமலே வாய்த்துவிடுகிறது. உலை கொதிக்கும்போது நேற்றுப் படித்ததை நினைவுகூர்வதும், பேருந்தில் அமர்ந்து குறிப்பை ஒருமுறை பார்ப்பதும், தேர்வுக்கு முன்னிரவு கண் விழித்து நூல் முழுவதையும் விழுங்குவதைக் காட்டிலும் மேலானவை.

படிப்பையும் பொழுதையும் ஒருங்கே கண்டு நடந்த முயற்சி ஒன்று இதே புதுக்கோட்டை மாவட்டத்தில் நிகழ்ந்தது. 1988-இல் தேசிய எழுத்தறிவு இயக்கம் தொடங்கிய பின்னர், கேரளத்தின் எர்ணாகுளம் மாவட்டம் 1990-இல் முழு எழுத்தறிவு பெற்றது. அதனை அடுத்து 1991-இல் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் பிறந்தது. மாவட்ட ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத் அதற்கு உறுதுணையாக நின்றார். ஊதியம் பெறாத தொண்டர்கள் ஊர்தோறும் மாலை வேளைகளில் வகுப்பு நடத்தினார்கள். வந்தவர்களில் வயல் வேலை செய்வோர், கல்லுடைப்போர், சிறு கற்களுக்குப் பட்டை தீட்டுவோர் எனப் பலவகைப் பெண்கள் இருந்தார்கள். வேலை முடிந்து களைத்து வந்தவர்களைப் பகல் வகுப்புக்கு வருக என்று அழைக்காமல், அவர்களுடைய ஓய்வு நேரத்துக்கு வகுப்பு நகர்ந்து சென்றது.

அவ்வியக்கம் எழுத்தோடு மிதிவண்டியையும் கற்பித்தது. ஒன்றரை ஆண்டுக்குள் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட கிராமப் பெண்கள் மிதிவண்டி ஓட்டத் தொடங்கினார்கள் என்று செய்தியாளர் பி. சாய்நாத் எழுதியிருக்கிறார். அவர்களில் பெரும்பாலோர் புதிதாக எழுத்தறிந்தவர்கள். தொடக்கத்தில் ஏளனமும் வசைச் சொற்களும் இல்லாமலில்லை. பெண்களுக்கான வண்டி கிடைக்காதபோது ஆண்களின் வண்டியையே ஓட்டினார்கள். குழந்தையை அமர்த்திக்கொள்ள அதன் குறுக்குக் கம்பி வசதியாக இருக்கிறது என்று அதனையே விரும்பியவர்களும் உண்டு. எழுத்துக்கும் சக்கரத்துக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். பேருந்துக்காகக் காத்திருந்த நேரமும், தண்ணீர்க் குடத்தோடு நடந்த நேரமும், விளைபொருளைச் சுமந்து சென்ற நேரமும் சுருங்கின. எங்கேனும் செல்ல வேண்டுமானால் கணவனையோ மகனையோ எதிர்பார்த்திருந்த நிலையும் மாறியது. மீந்த பொழுது அவர்களுடைய சொந்தப் பொழுது ஆயிற்று. அறிவொளியின் உண்மையான கண்டுபிடிப்பு இதுவே என்று நான் கருதுகிறேன். பாடநூல் அச்சடிப்பதோடு நின்றிருந்தால் அவ்வியக்கத்தை இன்று யாரும் இவ்வளவு நினைவில் வைத்திருக்க மாட்டார்கள்.

எழுத்தறிந்த இடத்திலிருந்து கல்லூரி வரை உள்ள தொலைவு நீண்டது. அதனை இளைய மாணவர்கள் அறிவதில்லை; அவர்கள் ஆண்டுக்கு ஒரு படியாகத் தாமாக ஏறிவந்து விடுகிறார்கள். இடையில் இறங்கிவிட்டவர் ஒவ்வொரு படியையும் தேடிப் பிடிக்க வேண்டும். எட்டாம் வகுப்புத் தேர்வையும் பத்தாம் வகுப்புத் தேர்வையும் தனித்தேர்வராக எழுதலாம். அல்லது 1989-இல் தேசியத் திறந்தவெளிப் பள்ளி என்ற பெயரில் தொடங்கிய நிறுவனத்தின் வழியே பள்ளிப்படிப்பை முடிக்கலாம். பட்டப்படிப்புக்குரிய வழிகள் பின்னும் பல. தில்லிப் பல்கலைக்கழகம் 1962-இல் அஞ்சல்வழிக் கல்வியைத் தொடங்கி நாட்டுக்கு வழிகாட்டியது. தமிழகத்தில் மதுரைப் பல்கலைக்கழகம் 1970-களின் தொடக்கத்திலும், அண்ணாமலைப் பல்கலைக்கழகம் அந்தப் பத்தாண்டின் இறுதியிலும் அவ்வழியில் இறங்கின. இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 1985-இலும், தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 2002-இலும் தோன்றின.

இங்கே ஒரு செய்தியைச் சற்று அழுத்திச் சொல்ல வேண்டும். பள்ளிப் படிப்பை முடிக்காதவரும் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெறும் முறை ஒரு காலத்தில் பரவலாக இருந்தது. பலர் அதனை நம்பிச் சேர்ந்தார்கள். ஆனால் பத்தாம் வகுப்பும் பன்னிரண்டாம் வகுப்பும் தேறிய பின்னர்ப் பெற்ற பட்டமே அரசுப் பணிக்குத் தகுதியாகும் என்று தமிழக அரசு 2009-இல் ஆணையிட்டது. உறங்கும் நேரத்தைக் குறைத்து மூன்றாண்டு படித்தவருக்கு, ஏணியின் கீழ்ப்படி இல்லை என்று பின்னர்ச் சொல்லப்பட்டால் அவர் மனம் என்ன பாடுபடும்! ஆதலால் உங்கள் வீட்டிலோ தெருவிலோ யாரேனும் மீண்டும் படிக்கப் போவதாகச் சொன்னால், வாழ்த்துவதற்கு முன்பு, எந்தப் படிப்பு, எந்த வரிசை, அது எதற்குச் செல்லும் என்பதை அவரோடு அமர்ந்து கேட்டறியுங்கள். விளம்பரத்தை மட்டும் நம்பிப் பணம் கட்ட விடாதீர்கள்.

இடைநின்று மீண்டும் படித்தவர்கள் நம் நாட்டில் புதியவர்கள் அல்லர். இதே புதுக்கோட்டையில் 1886-இல் பிறந்த முத்துலட்சுமி ரெட்டி, பருவமெய்தியதும் பள்ளியை விட்டு நிற்க நேர்ந்து, வீட்டிலேயே கற்று மெட்ரிகுலேஷன் தேறினார். ஆண்கள் மட்டும் படித்த மகாராஜா கல்லூரியில் அவரைச் சேர்ப்பதற்கு எதிர்ப்புக் கிளம்பியது. மன்னர் குறுக்கிட்டு இடமளித்தார். அவரேனும் இளம் வயதினர். 1909-இல் பிறந்த துர்காபாய் தேஷ்முக்கின் கதை நம் பொருளுக்கு இன்னும் நெருக்கமானது. குழந்தை மணம், உப்புச் சத்தியாக்கிரகம், சிறைவாசம் ஆகியவற்றைக் கடந்த பின்னரே அவர் மெட்ரிகுலேஷனுக்குப் படிக்க அமர்ந்தார். ஆந்திரப் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்று, சென்னையில் சட்டம் பயின்று 1942-இல் தேறினார். தாம் பட்ட இடரை அவர் மறக்கவில்லை. மத்திய சமூகநல வாரியத்தின் தலைவராக இருந்த காலத்தில், 1958-இல், வயது வந்த பெண்களுக்கான சுருக்கக் கல்வித் திட்டம் தொடங்கப்பட்டது. பல ஆண்டுப் பள்ளிப்பாடத்தை இரண்டு ஆண்டு அளவில் செறிவாகக் கற்பித்துத் தேர்வுக்கு அனுப்பும் திட்டம் அது. குழந்தைக்கு எழுதிய பாடத்தை அப்படியே பெரியவருக்குப் புகட்டலாகாது, அவருடைய நேரத்துக்கேற்ப அதனை வெட்டித் தைக்க வேண்டும் என்ற தெளிவு அதில் இருந்தது.

அந்தத் தெளிவு இன்றும் எல்லா இடத்திலும் வந்துவிடவில்லை. நாற்பது வயதினரிடம் கொடுக்கும் விண்ணப்பத்திலும் ‘பெற்றோர் அல்லது பாதுகாவலர் கையொப்பம்’ என்ற கட்டம் இருந்தால் அவர் யாரிடம் போவார்? கட்டணம் செலுத்தவும் சான்றிதழ் பெறவும் அலுவலகம் திறந்திருக்கும் நேரம், பெரும்பாலும் அவர் வேலையில் இருக்கும் நேரமே. ஒரு கையொப்பத்துக்காக ஒரு நாள் கூலியை இழக்கிறார். தமிழகத்தில் 2021 முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் மகளிர் கட்டணமின்றிச் செல்கிறார்கள். அது பெரிய துணைதான். ஆனால் அச்சலுகை எல்லாப் பேருந்துக்கும் உரியதன்று. கடைசிப் பேருந்தைத் தவறவிட்டவரின் கவலைக்கும் அதில் விடை இல்லை.

வகுப்பறைக்குள் நிகழும் சிறு சங்கடங்களும் உண்டு. பாடம் நடத்துபவர் தம்மைவிடப் பத்து வயது இளையவராக இருப்பார். அவரை ‘ஐயா’ என்று அழைப்பதில் மூத்த மாணவருக்குத் தயக்கம் இராது. ஐயம் கேட்பதில்தான் தயக்கம். இது கூடத் தெரியாதா என்று பின்வரிசை சிரித்துவிடுமோ என்ற அச்சம் அது. கேட்டால் ஒரு நிமிடத்தில் தீர்வதை வீட்டுக்கு எடுத்துச் சென்று மூன்று இரவு குழம்புகிறார். அருகில் அமர்ந்த இளைய மாணவர், தமக்கே அந்த ஐயம் இருப்பதாக எழுந்து கேட்டுவிட்டால் அந்த மூன்று இரவுகளும் மிஞ்சும்.

இன்னொரு சிக்கலை யாரும் முன்கூட்டி எச்சரிப்பதில்லை. அது கை. பல ஆண்டுகளாகக் கையொப்பமும் மளிகைச் சீட்டும் தவிர வேறொன்றும் எழுதாத கை, தேர்வு மண்டபத்தில் மூன்று மணி நேரம் எழுத வேண்டும். முதல் மணி முடிவதற்குள் விரல் வலிக்கும், எழுத்து சிதையும். விடை தெரிந்தும் கடைசி இரண்டு வினாக்களை விட்டுவிட்டு வந்தவர்கள் உண்டு. தேர்வுக்கு இரண்டு மாதம் முன்பிருந்தே நாளுக்கு ஒரு பக்கம், பிறகு இரண்டு பக்கம், பிறகு கடிகாரத்தை வைத்துக்கொண்டு ஒரு முழு விடை என்று எழுதிப் பழகினால் இந்தத் துன்பம் பெரிதும் குறையும். கீரனூருக்குத் திரும்பும் மாலைப் பேருந்தில் நின்றுகொண்டு எழுத முடியாது. படித்ததை வாய்க்குள் சொல்லிப் பார்க்கலாம். எழுதுவதற்கு, வீடு அடங்கிய பிறகு, அரை மணி நேரம் எப்படியும் வேண்டும். அந்த அரை மணிக்கு அடுக்களைப் பாத்திரங்களைத் துலக்கிவைக்க வீட்டில் வேறு கைகளும் இருக்கின்றன அல்லவா?