கம்பளத்திற்கு ஏற்ற அழுக்குநீக்கி

குளிர்காலம் முடிந்து பங்குனி பிறக்கும் வேளையில், தில்லி, இலக்னோ போன்ற வடபுல நகரங்களின் மொட்டைமாடிகளில் கம்பளங்கள் வெயில் காய்வதைக் கண்டிருப்பீர்கள். மார்கழிக் குளிருக்காக விரித்த கம்பளம், மூன்று நான்கு திங்களுக்குள் தேநீர், எண்ணெய், குழம்பு, செருப்பின் மண் ஆகிய அனைத்தையும் தாங்கிக் கறுத்துவிடும். ஹோலி வண்ணமும் சேர்ந்துவிட்டால் சொல்லவே வேண்டா. அதனைத் தூய்மை செய்யப் புகுவோர் பலர் கடைக்குச் சென்று, “இருப்பவற்றுள் வலிமை மிக்கது எது?” என்று கேட்கின்றனர். அக்கேள்வியே பிழையானது. கம்பளம் எவ்விழையால் ஆனது, அதில் படிந்த அழுக்கு எவ்வகையது என்னும் இரண்டையும் அறிந்த பின்னரே அழுக்குநீக்கியைத் தேர்ந்தெடுத்தல் வேண்டும்.

உத்தரப் பிரதேசத்தில் வாரணாசிக்கும் பிரயாக்ராஜுக்கும் இடையே அமைந்த பதோகி, கைம்முடிச்சுக் கம்பளங்களுக்குப் பெயர் பெற்ற ஊர். அக்கம்பளங்கள் 2010ஆம் ஆண்டு புவிசார் குறியீடு பெற்றன. முடிச்சு முடிச்சாகக் கையால் இட்டு ஒரு கம்பளத்தை முடிக்க நெசவாளர்க்குப் பல திங்கள் ஆகும். அவ்வுழைப்பை ஒரு கோப்பை பிளீச் ஒரே பகலில் பாழாக்கிவிடும். கம்பளி என்பது ஆட்டின் மயிர். நம் தலைமயிரும் நகமும் கெரட்டின் என்னும் புரதத்தால் ஆனவை, கம்பளியும் அவ்வாறே. வலிய காரம் அப்புரதத்தைச் சிதைக்கும். பிளீச்சோ அதனைக் கரைத்தே விடும். நடுநிலைப் பொருளின் பி.எச். அளவு 7, சலவைச் சோடாக் கரைசலின் அளவு ஏறத்தாழ 11. துணிக்கு நன்மை செய்யும் அச்சோடா கம்பளிக்குத் தீங்காவது இதனாலேயே. புரதக் கறையைச் செரிக்கும் நொதிகள் சேர்த்த சலவைத்தூளும் கம்பளிக்கு ஆகாது. கறை எது, கம்பளி எது என்று நொதி பிரித்தறியாது. பட்டுக்கும் இது பொருந்தும்.

கம்பளத்தின் இழையை எவ்வாறு அறிவது? மேற்பரப்பிலிருந்து சிறு இழை ஒன்றை எடுத்து, பெரியவர் ஒருவர் அதை இடுக்கியால் பற்றி, நீர்க் கிண்ணத்தின்மேல் எரித்துக் காட்டட்டும். மயிர் கருகும் நாற்றம் எழுந்து, சாம்பல் விரலில் பொடிந்தால் அது கம்பளி அல்லது பட்டு. காகிதம் எரியும் மணம் வந்தால் பருத்தி போன்ற தாவர இழை. உருகி உருண்டையாய் இறுகினால் செயற்கை இழை. ஓரத்துக் குஞ்சத்திலிருந்து இழை எடுத்தல் கூடாது. குஞ்சம் பாவு நூலின் நுனி. கம்பளிக் கம்பளத்திலும் பாவு பெரும்பாலும் பருத்தியாகவே இருக்கும். பவானி ஜமக்காளம் போன்ற பருத்தி விரிப்புகள் சோப்பையும் ஓரளவு காரத்தையும் தாங்கும். ஆயின், சாயம் போகக்கூடும்.

இனி அழுக்கைப் பார்ப்போம். கம்பளத்து அழுக்கில் பெரும்பகுதி உலர்ந்த தூசியும் மணலுமே. அவற்றை நீக்காமல் நீர் ஊற்றினால் சேறுதான் மிஞ்சும். ஆகவே, முதலில் கம்பளத்தைக் கவிழ்த்துப் பின்புறம் தட்டுதல் வேண்டும். பிறகு இருபுறமும் தூசி உறிஞ்சி கொண்டு எடுத்தல் வேண்டும். ஹோலிப் பொடி சிந்தியிருந்தால் ஈரத்துணியைத் தொடவே கூடாது. நீர் பட்டால் அப்பொடி சாயமாகி இழைக்குள் ஏறிவிடும்.

கறைகள் தத்தம் இயல்புடையன. குருதி, பால், முட்டை ஆகியவற்றிற்குத் தண்ணீரே ஏற்றது. வெந்நீர் அப்புரதங்களை இறுகச் செய்து கறையை நிலைக்கச் செய்யும். நெய்க்கும் எண்ணெய்க்கும் சோளமாவைத் தூவிச் சில மணி நேரம் விட்டு உறிஞ்சச் செய்து, பின் மென்மையான சலவை நீர்மத்தால் ஒற்றலாம். தேநீர்க் கறைக்கு ஒரு பங்கு வெள்ளை வினிகரை நான்கு பங்கு நீரில் கலந்து பயன்படுத்தலாம். மஞ்சளோ வேடிக்கையானது. சோப்புப் பட்டதும் அது சிவப்பாகும், கண்டவர் திகைப்பர். காரத்தில் சிவப்பதும், எலுமிச்சைச் சாறு பட்டால் மீண்டும் மஞ்சளாவதும் அதன் இயல்பு. எஞ்சிய மஞ்சள் நிறம் வெயிலில் தானே மங்கும். எக்கறையாயினும் வெள்ளைத் துணியால் விளிம்பிலிருந்து நடுநோக்கி ஒற்றுக. தேய்த்தால் கறை பரவும், இழையும் பிரியும்.

ஒன்றை மட்டும் மறவாதீர்கள். பிளீச்சையும் கழிவறை தூய்மிக்கும் அமில நீர்மத்தையும் ஒருபோதும் கலத்தல் கூடாது. இரண்டும் கலந்தால் நச்சுத் தன்மையுள்ள குளோரின் வாயு வெளிப்படும். மூடிய அறையில் அது உயிருக்கே ஊறு விளைவிக்கும். பிளீச்சுடன் வினிகர் சேர்ந்தாலும் இதே இடர்தான்.

கம்பளம் முழுவதும் அழுக்கேறியிருந்தால், கம்பளித் துணிகளுக்கென விற்கப்படும் நடுநிலைச் சலவை நீர்மம் ஏற்றது. ஒரு லிட்டர் நீருக்கு ஒரு தேக்கரண்டி போதும். கூடுதலாகச் சேர்ப்பது கேடே. அலசியும் போகாமல் தங்கிய நீர்மம் பிசுபிசுத்துப் புதிய தூசியை ஈர்க்கும். ஒரே வாரத்தில் கம்பளம் முன்னிலும் கறுக்கும். கடின நீர் வரும் வீடுகளில் சோப்புக் கட்டியைத் தவிர்க்க. அது கடின நீரில் நுரைக்காது, திரிந்து இழையில் படியும். உங்கள் பாட்டி பட்டுப்புடவைக்குப் பூந்திக்கொட்டை ஊறவைத்ததைக் கண்டதுண்டா? இங்கே அதனை ரீட்டா என்பர். அதன் நுரை மென்மையானது, கம்பளிக்கும் தகும். வெளிர்நிறக் கம்பளத்தில் அதன் பழுப்பு ஏறக்கூடுமாதலால் சற்றே எச்சரிக்கை தேவை.

எப்பொருளாயினும் கண்ணில் படாத மூலையில் சிறிது தடவி, ஈர வெள்ளைத் துணியால் சற்று அழுத்திப் பார்க்க வேண்டும். துணியில் நிறம் ஏறினால், அக்கம்பளத்தைத் தொழில் அறிந்தவரிடம் ஒப்படைத்தலே நன்று. நிறம் ஏறாவிடில், தூய நீரால் இருமுறை துடைத்து, காற்றோட்டமுள்ள இடத்தில் சாய்வாக இட்டு உலர்த்தலாம். மேற்புறம் உலர்ந்ததும் எடுத்து விரித்துவிடலாகாது. அடியில் பருத்திப் பாவு நெடுநேரம் ஈரம் காத்திருக்கும். பின்புறத்தில் காகிதத்தை அழுத்தி, அது நனையவில்லை என்று கண்ட பின்னரே சுருட்டி உள்ளே வைக்க வேண்டும்.