இன்ஜெக்டரை மாற்றினால் மட்டும் போதாது! லாரி கம்ப்யூட்டருக்கும் சொல்ல வேண்டும்

சொல்லாவிட்டால் பிஸ்டன் உருகும். முதலாளி பர்ஸ் காலி!

சென்னை—

கன்டெய்னர் ஏற்றிக்கொண்டு கிருஷ்ணகிரி தாண்டி ஓசூர் மேட்டில் ஏறும்போது வண்டி திணறுகிறதா? "பெரிய இன்ஜெக்டர் போட்ருங்க அண்ணே, இழுவை பிச்சிக்கிட்டுப் போகும்" என்று யோசனை சொல்ல ஒர்க்ஷாப்பில் ஆளுக்குப் பஞ்சமில்லை.

முதலாளியும் ஆசைப்பட்டு ஆறு இன்ஜெக்டரையும் மாற்றிவிடுகிறார். வண்டி வெளியே வருகிறது. வந்ததும் கரும்புகை! நிற்கும்போது நடுக்கம்! டேஷ்போர்டில் மஞ்சள் லைட்!

காரணம் என்ன? இன்ஜெக்டர் மாறிய சங்கதி லாரியில் இருக்கும் கம்ப்யூட்டருக்குத் தெரியாது. மெக்கானிக்குகள் 'ஈ.சி.எம்.' என்று சொல்லும் பெட்டிதான் அது.

அந்தக் காலம் வேறு

பழைய லாரிகளில் கதை எளிது. நாசில் மாற்றினால் பம்ப்பைக் கழற்றி பம்ப் கடைக்குக் கொண்டுபோவார்கள். டெஸ்ட் பெஞ்சில் மாட்டி, கண்ணாடிக் குழாயில் டீசலை அளந்து, ஸ்பானரால் திருகி சரிசெய்வார்கள். மிச்சத்தை மேஸ்திரியின் காது பார்த்துக்கொள்ளும்.

1995-ல் ஜப்பானில் ஹினோ லாரியில் 'காமன் ரெயில்' வந்தது. இந்தியாவில் 2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ்.6 கட்டாயமாகிவிட்டது. இப்போது வரும் புது டீசல் லாரிகளில் பெரும்பாலும் காமன் ரெயில்தான்.

லாரி டயரில் இருக்கும் காற்றின் அழுத்தம் சுமார் 8 பார். காமன் ரெயில் குழாயில் டீசல் நிற்பதோ 1,600 பார், சில வண்டிகளில் அதற்கும் மேலே. டயரைப்போல் 200 மடங்கு! என்ஜின் ஓடும்போது அந்தக் குழாயின் நட்டைத் தளர்த்தினால் பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். விளையாட்டல்ல.

கணக்குப் போடும் பெட்டி

டிரைவர் ஆக்சிலேட்டரை மிதித்ததும் டீசல் நேராகப் போய்விடுவதில்லை. எவ்வளவு டீசல் தேவை என்று கம்ப்யூட்டர் முதலில் கணக்குப் போடுகிறது. அதற்கு எத்தனை மைக்ரோ செகண்ட் இன்ஜெக்டர் திறந்திருக்க வேண்டும் என்று தன்னிடம் உள்ள அட்டவணையைப் பார்க்கிறது. அந்த நேரத்துக்கு மட்டும் திறக்கிறது.

கம்பெனி இன்ஜெக்டர் 1,000 மைக்ரோ செகண்ட் திறந்தால் போதும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 20 சதவீதம் கூடுதலாக ஊற்றும் இன்ஜெக்டரை மாட்டினால், அதே டீசலுக்குச் சுமார் 830 மைக்ரோ செகண்டே போதும். அட்டவணையைத் திருத்தாவிட்டால் கம்ப்யூட்டர் பழையபடி 1,000 திறக்கும். 100 சொட்டு கேட்ட இடத்தில் 120 சொட்டு விழும்!

வேடிக்கை என்னவென்றால், டேஷ்போர்டில் காட்டும் மைலேஜ் அருமையாக இருக்கும். 100 சொட்டுதான் செலவு என்று கம்ப்யூட்டர் நம்பிக்கொண்டிருக்கிறது. உண்மை பங்க்கில் பில் போடும்போதுதான் தெரியும்.

கியர்பாக்ஸையும் கிளட்சையும் காப்பாற்றக் கம்ப்யூட்டர் ஒரு வரம்பு வைத்திருக்கும். அந்த வரம்பும் ஏமாந்துபோகிறது.

காற்று எங்கே?

டீசலைக் கூட்டினால் மட்டும் சக்தி வந்துவிடாது. அதை எரிக்கக் காற்று வேண்டும். டர்போ தரும் காற்று பழைய அளவே என்றால் மிச்ச டீசல் கரும்புகையாகப் போகும். போகிற வழியில் சூட்டைக் கிளப்பும். அலுமினியம் சுமார் 660 டிகிரியில் உருகும் உலோகம். பிஸ்டன் பெரும்பாலும் அலுமினியக் கலவை. நீண்ட மேட்டில் முழு லோடில் மிதித்துக்கொண்டே போனால் பிஸ்டன் தலை தாங்காது. டர்போவுக்கும் அதே கதிதான்.

பம்ப்பும் ஈடுகொடுக்க வேண்டும். பெரிய இன்ஜெக்டர் குடிக்கும் வேகத்துக்குப் பம்ப் ஊற்றாவிட்டால் ரெயிலில் அழுத்தம் விழும். அதை எந்தக் கம்ப்யூட்டர் வித்தையாலும் சரிசெய்ய முடியாது.

சின்னக் குறியீடு, பெரிய வேலை

அதே அளவு புது இன்ஜெக்டர் போட்டாலும் ஒரு வேலை பாக்கி உண்டு. ஒரே அச்சில் செய்தாலும் எந்த இரண்டு இன்ஜெக்டரும் மயிரிழைகூட மாறாமல் ஊற்றாது. அதனால் பல இன்ஜெக்டர்களின் தலையில் எழுத்தும் எண்ணுமாக ஒரு குறியீடு பொறித்திருக்கும். இந்த இன்ஜெக்டர் எவ்வளவு கூட, எவ்வளவு குறைய ஊற்றும் என்பதற்கான ஜாதகம் அது!

அதை ஸ்கேனர் மூலம் அந்தந்த சிலிண்டருக்கு நேராகக் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும். ஒன்றாம் சிலிண்டர் குறியீட்டை நாலாம் சிலிண்டரில் போட்டால் தொலைந்தது. மாட்டுவதற்கு முன்பே குறியீட்டைப் படம் எடுத்துவைப்பது புத்திசாலித்தனம். மாட்டிய பிறகு கவர் மூடிவிட்டால் மறுபடியும் கழற்றுகிற கூலி யார் தலையில்?

தெரிந்தவர் செய்யும் வரிசை

முதலில் கம்ப்யூட்டரில் இருக்கும் கம்பெனிப் பதிவை நகல் எடுத்து வைப்பார். பேட்டரி வோல்டேஜ் விழாமல் சார்ஜர் மாட்டுவார். எழுதும்போது கரன்ட் விழுந்தால் பெட்டியே செத்துப்போகலாம்.

பிறகு இன்ஜெக்டருடன் வந்த டெஸ்ட் அளவைப் பார்த்து நேர அட்டவணையைத் திருத்துவார். நிற்கும்போது விழும் சின்னச் சொட்டிலிருந்து தொடங்குவார். நடுக்கமும் 'டக் டக்' சத்தமும் அங்கேதான் பிறக்கின்றன. அடுத்து, கேட்ட அழுத்தமும் கிடைத்த அழுத்தமும் ஒன்றா என்று ஸ்கேனரில் பார்ப்பார். சிலிண்டர் வாரியாகக் கம்ப்யூட்டர் எவ்வளவு கூட்டிக் குறைக்கிறது என்று பார்ப்பார். கடைசியில் லோடு ஏற்றி ஓட்டி, புகையையும் சூட்டையும் பார்ப்பார்.

இதை விட்டுவிட்டு, அழுத்தம் காட்டும் சென்சார் ஒயரில் சின்னப் பெட்டி செருகி "பவர் வந்திருச்சு" என்பவர்களும் உண்டு. அழுத்தம் குறைவு என்று அந்தப் பெட்டி கம்ப்யூட்டரிடம் பொய் சொல்கிறது. அதை நம்பிப் பம்ப் மேலும் மேலும் ஏற்றுகிறது. அவ்வளவுதான் அதன் ரகசியம்.

சட்டமும் இருக்கிறது

மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு, கம்பெனி அமைப்பை இஷ்டத்துக்கு மாற்றத் தடை போடுகிறது. 2019 திருத்தத்தின்படி, அனுமதியில்லாமல் மாற்றும் உரிமையாளருக்கு 6 மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் ரூ.5 ஆயிரம் அபராதம், அல்லது இரண்டும் கிடைக்கலாம். பி.எஸ்.6 வண்டியில் புகை வடிகட்டியும் யூரியாவும் இருக்கின்றன. கூடுதல் டீசலின் கரி வடிகட்டியை அடைத்து வண்டியை நடுரோட்டில் படுக்கவைத்துவிடும்.

இழுவை இல்லை என்றதும் பெரிய இன்ஜெக்டர் தேடி ஓட வேண்டாம். டீசல் பில்டர் அடைத்திருக்கலாம். டர்போ ஹோஸ் கிழிந்திருக்கலாம். இன்ஜெக்டரே தேய்ந்து, உள்ளே போகவேண்டிய டீசல் ரிட்டர்ன் குழாயில் ஓடிக்கொண்டிருக்கலாம். ரிட்டர்ன் குழாய் ஒவ்வொன்றிலும் பாட்டில் மாட்டி அளந்தாலே தெரிந்துவிடும்.

தேய்ந்திருந்தால் அதே எண் இன்ஜெக்டர், அதன் குறியீடு, ஒரு ஸ்கேனர் — இவை போதும். பெரும்பாலான லாரிகளுக்குத் தொலைந்த இழுவை அதிலேயே திரும்ப வந்துவிடும்.

பில் கட்டுமுன் முதலாளிகள் ஒரே ஒரு கேள்வி கேட்டால் போதும்: "தம்பி, கோடு ஏத்தியாச்சா?"