கடிகாரத்தோடு ஒரு போட்டி

தில்லி லோதி ரோட்டின் கிழக்குப் பகுதியில் ஜவகர்லால் நேரு விளையாட்டரங்கம் உள்ளது. 2010 அக்டோபர் 3 அன்று பொதுநலவாய விளையாட்டுப் போட்டிகள் அவ்வரங்கில் தொடங்கின. பத்து நாள்களுக்குப் பின், யமுனைக்கு அப்பால் நொய்டா விரைவுச்சாலையில் ஒரு மிதிவண்டிப் போட்டி நடைபெற்றது. அதில் வீரர்கள் கூட்டமாகப் புறப்படவில்லை. இடைவெளி விட்டு ஒவ்வொருவராகச் சென்றனர். ஆடவர் கடந்த தொலைவு 40 கிலோமீட்டர். ஸ்காட்லாந்தின் டேவிட் மில்லர் அதில் தங்கம் வென்றார். மகளிர் போட்டியில் கனடாவின் தாரா விட்டன் வென்றார்.

இவ்வகைப் போட்டிக்கு ‘டைம் டிரையல்’ என்று பெயர். தமிழில் இதனை நேர ஓட்டம் எனலாம். இதில் முதலில் வந்து சேர்பவரே வென்றவர் என்று கூற இயலாது. முதலாமவர் காலை 6 மணிக்கும், மூன்றாமவர் 6 மணி 2 நிமிடத்திற்கும் புறப்படுவதாகக் கொள்வோம். முதலாமவர் 6 மணி 19 நிமிடம் 10 நொடிக்கு எல்லையைத் தொடுகிறார். மூன்றாமவர் தொடுவது 6 மணி 20 நிமிடம் 30 நொடிக்கு. பின்னால் வந்தவர் எடுத்துக்கொண்ட நேரமோ 18 நிமிடம் 30 நொடிதான். ஆகவே அவரே 40 நொடி வேறுபாட்டில் வெல்கிறார்.

இம்முறை பரவியதற்கு ஒரு தடையே காரணம் என்பது வியப்பூட்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்துச் சாலைகளில் மிதிவண்டிக் கூட்டம் பாய்ந்து சென்றபோது குதிரைகள் மிரண்டன, மக்கள் முறையிட்டனர். மிதிவண்டிகளையே சாலையிலிருந்து விலக்கிவிடுவார்களோ என்று அஞ்சிய அந்நாட்டு மிதிவண்டிச் சங்கம், 1890இல் சாலைப் பந்தயங்களைக் கைவிட்டது. ஆர்வலர்கள் மனம் தளரவில்லை. 1895இல் பிட்லேக் என்பவர் ஒருவர் பின் ஒருவராக அனுப்பும் முறையில் போட்டி நடத்தினார். கழுத்து முதல் கணுக்கால் வரை கரிய உடை அணிந்து, விடியற்காலையில், எவர் கண்ணையும் உறுத்தாமல் அவர்கள் ஓட்டினர். தடங்களுக்குக் குறியீட்டுப் பெயர்கள் இட்டனர். போட்டியாளர் என்று எவரும் ஐயுறாதவாறு நடந்துகொள்வதும் அக்காலத்தில் ஒரு திறமையாகவே இருந்திருக்க வேண்டும்!

தனியாக ஓட்டுபவருக்குக் காற்றே முதல் எதிரி. வேகம் இருமடங்கானால் காற்றின் எதிர்ப்பு நான்கு மடங்காகும். கூட்டத்தில் செல்பவர் முன்னவரின் முதுகுக்குப் பின் ஒதுங்கி உழைப்பைக் குறைத்துக்கொள்ளலாம். நேர ஓட்டத்தில் அதற்கு இடமில்லை. பிறர் பின்னால் ஒட்டிச் செல்வது விதிமீறல். குனிந்து அமர்வதன் பயனை 1989ஆம் ஆண்டின் பிரான்சு நாட்டுச் சுற்றுப் போட்டி உலகுக்குக் காட்டியது. இறுதி நாளன்று அமெரிக்கரான லெமாண்ட் 50 நொடி பின்தங்கியிருந்தார். எஞ்சியிருந்தது 24.5 கிலோமீட்டர் நேர ஓட்டம் ஒன்றே. கைகளை முன்னே நீட்டிப் பிடிக்கும் புதுவகைக் கைப்பிடியுடன் அவர் ஓட்டினார். மூவாயிரம் கிலோமீட்டருக்கும் மேற்பட்ட அப்போட்டியை 8 நொடி வேறுபாட்டில் வென்றார்.

குடும்பத்தாரும் நண்பரும் கூடி விளையாடுவதற்கு இதைவிடப் பொருத்தமான போட்டி அரிது. சேர்ந்து புறப்படும் பந்தயத்தில் பழைய வண்டி வைத்திருப்பவர் முதல் திருப்பத்திலேயே பின்தங்கி, ஆர்வம் இழப்பார். இங்கோ அவரவர் நேரமே அவரவருக்கு அளவுகோல். சென்ற மாதம் 15 நிமிடம் எடுத்த அண்ணன் இம்மாதம் 14 நிமிடம் 50 நொடியில் முடிக்கிறார். 24 நிமிடம் எடுத்த அத்தை 22 நிமிடம் 50 நொடியில் முடிக்கிறார். விரைவில் முந்தியவர் அண்ணனே. முன்னேற்றத்திற்குப் பரிசு என்றால் அத்தைக்கே அது உரியது: அவர் குறைத்தது 70 நொடி அல்லவா?

லோதி ரோடு இதற்கு ஏற்ற இடமன்று. பேருந்துகளும் சிவப்பு விளக்குகளும் உள்ள சாலையில் நேரத்தை ஒப்பிடவும் முடியாது, உயிருக்கும் ஆபத்து. வண்டிகள் அதிகம் வாராத குடியிருப்பு உட்சாலையே நன்று. பொதுச்சாலை என்றால் காவல்துறையின் இசைவு வேண்டும். தலைக்கவசம் அனைவருக்கும் கட்டாயம். தில்லியின் குளிர்காலத்தில் காற்றுத் தரக் குறியீடு 200ஐத் தாண்டிய நாளில் போட்டியைத் தள்ளிவைப்பதே அறிவுடைமை. விரைந்து மிதிப்பவர் மிகுதியாக மூச்சு வாங்குவார், புகையையும் மிகுதியாக உள்ளிழுப்பார்.

தொடக்கத்தில் ஒருவரும் எல்லையில் ஒருவரும் நேரம் குறித்தால் இருவர் கடிகாரங்களும் நொடி பிசகாமல் ஒத்திருக்க வேண்டும். சென்று திரும்பித் தொடங்கிய இடத்திலேயே முடியும்படி தடம் அமைத்தால் ஒரு கடிகாரமே போதும். போகும்போது எதிர்த்து நின்ற காற்று, திரும்பும்போது முதுகில் கை வைத்துத் தள்ளுவதையும் அப்போது உணரலாம்.