தோற்றால் காரணம் தெரிய வேண்டும்! 25 ஆண்டுகளாக கவுன்ட்டர் ஸ்ட்ரைக் அசராமல் நிற்பது எப்படி?

2014 நவம்பர். ஸ்வீடனின் யோன்ஷோப்பிங் நகரில் ட்ரீம்ஹேக் வின்டர் கேமிங் திருவிழா. கவுன்ட்டர் ஸ்ட்ரைக் போட்டியின் கால் இறுதியில் உள்ளூர் ஜாம்பவான் ஃபினாட்டிக் அணியும், பிரான்ஸின் எல்.டி.எல்.சி அணியும் மோதின. முடிவைத் தீர்மானிக்கும் மூன்றாவது மேப். முதலில் 16 ரவுண்டு ஜெயிப்பவர்களுக்கு வெற்றி. 13-3 என எல்.டி.எல்.சி முன்னிலையில் இருந்தது.

அப்போதுதான் ஃபினாட்டிக் அந்த வேலையைச் செய்தது. வீரர்கள் ஒருவர்மேல் ஒருவர் ஏறி, மேப்பில் கண்ணுக்கே தெரியாத ஒரு விளிம்பில் தங்கள் ஆளை நிறுத்தினார்கள். அங்கிருந்து அவருக்கு மேப்பின் பெரும்பகுதி தெரிந்தது. எதிரணியால் சமாளிக்க முடியவில்லை. 16-13 என்று ஃபினாட்டிக் ஜெயித்தது.

ரசிகர்கள் கொதித்துப்போனார்கள். எல்.டி.எல்.சி புகார் கொடுத்தது. மறுபடி ஆட வேண்டும் என்று நடுவர்கள் சொல்ல, கடைசியில் ஃபினாட்டிக் தானாகவே போட்டியிலிருந்து விலகியது. எல்.டி.எல்.சி அணி மேலே போய் கோப்பையையே வென்றது. கேமைத் தயாரிக்கும் வால்வ் நிறுவனம் அந்த விளிம்பை மேப்பிலிருந்து அடைத்தது.

இத்தனை கோபம் எதற்கு? தோற்பது யாருக்கும் புதிதல்ல. ஆனால் எல்.டி.எல்.சி வீரர்களால் எதிர்பார்க்கவோ, தடுக்கவோ முடியாத ஒன்றால் அந்தத் தோல்வி வந்தது. துப்பாக்கி சுடும் கேம்கள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. அவற்றில் போட்டியாக ஆடத் தகுந்தது எது, பொழுதுபோக்கோடு நிற்பது எது என்று பிரிக்கும் கோடு இங்கேதான் இருக்கிறது. தோற்றவருக்கு, தான் ஏன் தோற்றோம் என்று தெரிய வேண்டும். அடுத்த முறை அதைச் சரிசெய்யவும் வழி இருக்க வேண்டும்.

இரண்டு மாணவர்கள் தொடங்கியது

கவுன்ட்டர் ஸ்ட்ரைக் 1999-ல் பிறந்தது. மின் லே, ஜெஸ் கிளிஃப் என்ற இரண்டு மாணவர்கள், ஹாஃப் லைஃப் என்ற கேமை மாற்றியமைத்து இலவசமாக வெளியிட்டார்கள். அது பிடித்துப்போய் வால்வ் நிறுவனமே அவர்களைச் சேர்த்துக்கொண்டு, 2000-ல் தனி கேமாகக் கொண்டுவந்தது. நம் ஊர் பிரவுசிங் சென்டர்களில் மணிக்கணக்கில் காசு கொடுத்து நண்பர்களோடு ஆடியவர்கள் இன்று அப்பாக்களாகி இருப்பார்கள். 2012-ல் குளோபல் அஃபென்சிவ், 2023-ல் கவுன்ட்டர் ஸ்ட்ரைக் 2 என்று சட்டை மாறியதே தவிர, உடம்பு அதேதான்.

விதி எளிமையானது. அணிக்கு 5 பேர். ஓர் அணி குறிப்பிட்ட இடத்தில் வெடிகுண்டை வைக்க வேண்டும். மற்றோர் அணி அதைத் தடுக்க வேண்டும். ஒரு ரவுண்டுக்கு 1 நிமிடம் 55 விநாடி. குண்டை வைத்துவிட்டால் 40 விநாடியில் வெடிக்கும். செயலிழக்கச் செய்ய 10 விநாடி ஆகும். அதற்கான கருவி கையில் இருந்தால் 5 விநாடி போதும். செத்தால் அந்த ரவுண்டு முடியும்வரை சும்மா உட்கார்ந்து பார்க்க வேண்டியதுதான். உடனே மறுபிறவி கிடையாது என்பதால் ஒவ்வோர் அடியிலும் பயம் இருக்கிறது. பாதி ஆட்டம் முடிந்ததும் இரு அணிகளும் வேடம் மாறும். அதனால் ‘எங்களுக்கு மோசமான பக்கம் கிடைத்தது’ என்று யாரும் புலம்ப முடியாது.

பர்ஸைப் பார்த்துச் செலவு

இந்த கேமின் உண்மையான மூளை அதன் பணக்கணக்கு. ஆட்டத் தொடக்கத்தில் எல்லோருக்கும் 800 டாலர். நிஜப் பணமல்ல, கேமுக்குள் மட்டும் செல்லும் பணம். பெயர்பெற்ற ஏகே-47 துப்பாக்கி 2,700 டாலர். தூரத்திலிருந்து ஒரே குண்டில் சாய்க்கும் ஏ.டபிள்யூ.பி 4,750 டாலர். ஜெயித்தால் நல்ல வரவு. தோற்றாலும் 1,400 டாலரில் தொடங்கி, தொடர்ந்து தோற்கத் தோற்க 3,400 வரை உதவித்தொகை ஏறும்.

மாசக் கடைசியில் குடும்பம் போடும் கணக்கைத்தான் அணித்தலைவரும் போடுகிறார். இருப்பதையெல்லாம் போட்டு இந்த ரவுண்டில் மோதுவதா, இல்லை வெறும் கைத்துப்பாக்கியோடு ஒரு ரவுண்டை விட்டுக்கொடுத்து, அடுத்த ரவுண்டில் ஐந்து பேரும் முழு ஆயுதத்தோடு வருவதா? ஒருவர் பணம் வைத்திருந்தால் கூட்டாளிக்கு துப்பாக்கி வாங்கித் தரலாம். எதிரணியின் பர்ஸில் என்ன மிச்சம் இருக்கும் என்று ஊகிப்பதும் திறமைதான். மின்னல் வேகக் கை மட்டும் இருந்து, கணக்கு வராத அணி தோற்கும்.

துப்பாக்கிக்கும் ஒரு குணம் உண்டு

ஏகே-47-ஐ விடாமல் அழுத்தினால் குண்டுகள் முதலில் மேலே ஏறும், பிறகு பக்கவாட்டில் வளையும். புதிதாக ஆடுபவருக்கு அது தாறுமாறாகத் தெரியும். ஆனால் அந்த வளைவு ஏறக்குறைய ஒவ்வொரு முறையும் ஒரே வடிவம்தான். அதற்கு நேரெதிராக மவுஸை இழுக்கப் பழகிவிட்டால் குண்டுகள் ஒரே புள்ளியில் விழும். கோலம் போடும் கைக்கு வருவதைப் போல, பல மாதப் பயிற்சியில்தான் அது வரும்.

ஓடிக்கொண்டே சுட்டால் குறி தவறும். அதனால் தேர்ந்த வீரர்கள் நகரும் திசைக்கு எதிர் பட்டனை ஒரு தட்டுத் தட்டி, சட்டென நின்று சுடுகிறார்கள். ஓடினால் காலடிச் சத்தம் எதிரிக்குக் கேட்கும். மெதுவாக நடந்தால் கேட்காது, ஆனால் நேரம் போகும். இரண்டில் எதை எப்போது தேர்ந்தெடுப்பது என்பதில் பாதி ஆட்டம் அடங்கியிருக்கிறது. புகைக்குண்டை எந்த மூலையில் நின்று, எந்தக் கூரையைக் குறிவைத்து எறிந்தால் எங்கே விழும் என்று மனப்பாடம் செய்கிறார்கள்.

இவை எல்லாமே கற்றுக்கொள்ளக்கூடியவை. முடிந்த ஆட்டத்தை எதிராளியின் கண்ணிலிருந்தே திரும்பப் போட்டுப் பார்க்கவும் வசதி இருக்கிறது. ‘நான் எட்டிப் பார்த்தது ஒரு விநாடி சீக்கிரம்’ என்று தன் தவறைத் தானே கண்டுபிடிக்கலாம்.

அதிர்ஷ்டம் உப்பு மாதிரி

அப்படியானால் அதிர்ஷ்டத்துக்கு இடமே இல்லையா? இருக்கிறது, உப்பின் அளவுக்கு. 2016-ல் அமெரிக்காவின் கொலம்பஸ் நகரில் நடந்த மேஜர் போட்டியின் அரை இறுதி. பிரேசிலின் லுமினாசிட்டி அணி 9-15 எனப் பின்தங்கி, இன்னும் ஒரு ரவுண்டு போனால் அந்த மேப்பை இழக்கும் நிலை. அதன் வீரர் கோல்ட்ஸேரா, ஏ.டபிள்யூ.பி-யோடு குதித்தபடியே ஒரே தோட்டாவில் இரண்டு பேரை வீழ்த்தினார். குதிக்கும்போது அந்தத் துப்பாக்கி குறி பார்க்காது என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். லுமினாசிட்டி மீண்டெழுந்து கோப்பையையும் வென்றது. அந்த மேப்பின் சுவரில் அதன் நினைவாக ஓர் ஓவியத்தையே வால்வ் வரைந்து வைத்தது.

அந்த ஒரு குண்டில் அதிர்ஷ்டம் இருந்தது. ஆனால் அதற்குப் பின் ஒவ்வொரு ரவுண்டையும் உழைத்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது. ஒரு மேப்பில் இருபதுக்கும் மேற்பட்ட ரவுண்டுகள் நடக்கும்போது, அதிர்ஷ்டம் ஒன்றிரண்டைத் தரலாம். மொத்த ஆட்டத்தையும் தராது.

மொபைலில் பி.ஜி.எம்.ஐ ஆடுபவர்களுக்கு இந்த வித்தியாசம் சட்டெனப் புரியும். இறங்கிய வீட்டில் நல்ல துப்பாக்கி கிடைப்பதும், பாதுகாப்பு வட்டம் நம் பக்கம் வருவதும் நம் கையில் இல்லை. நண்பர்களோடு ஆட அதுதான் சுவாரஸ்யம். அதனால்தான் அதன் போட்டிகளில் ஒரே ஆட்டத்தை வைத்து வெற்றியாளரை முடிவு செய்வதில்லை. பல ஆட்டங்களின் புள்ளிகளைக் கூட்டுகிறார்கள்.

நம்பிக்கை உடைந்தால் எல்லாம் போச்சு

2018 அக்டோபரில் ஷாங்காயில் நடந்த ஆசியப் போட்டியில் ஓர் இந்திய அணி ஆடிக்கொண்டிருந்தது. நடுவில் ஒரு வீரரின் கம்ப்யூட்டரைச் சோதித்தபோது, தானாகக் குறிபார்க்க உதவும் மோசடி மென்பொருள் சிக்கியது. சாதாரண வேர்டு ஃபைல் போல அதற்குப் பெயர் வைக்கப்பட்டிருந்தது. அணி வெளியேற்றப்பட்டு, பிறகு கலைக்கப்பட்டது. அந்த வீரருக்கு 5 ஆண்டு தடை. எந்தத் தவறும் செய்யாத மற்ற 4 பேரின் வாய்ப்பும் அதோடு போயிற்று. விதிகள் எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும், எதிரில் இருப்பவர் நேர்மையாக ஆடுகிறார் என்ற நம்பிக்கை இல்லாவிட்டால், தோல்வியிலிருந்து கற்றுக்கொள்ள எதுவும் மிஞ்சாது.

பெற்றோர் கவனத்துக்கு

இது சின்னக் குழந்தைகளுக்கான கேம் அல்ல. அமெரிக்காவில் 17 வயதுக்கு மேற்பட்டோருக்கு என்றும், ஐரோப்பாவில் 18 வயதுக்கு மேற்பட்டோருக்கு என்றும் குளோபல் அஃபென்சிவுக்குத் தரம் குறித்திருக்கிறார்கள்.

பணத்திலும் ஒரு கண் வேண்டும். 2013 முதல் துப்பாக்கிகளுக்கு வண்ண உறைகள் விற்கிறார்கள். அவற்றுக்கு ‘ஸ்கின்’ என்று பெயர். எவ்வளவு விலையுள்ள ஸ்கின் போட்டாலும் துப்பாக்கியின் பலம் ஒரு துளிகூடக் கூடாது. போட்டிக்கு அது நல்லது. ஆனால் உள்ளே என்ன வரும் என்று தெரியாமல் நிஜப் பணம் கொடுத்துப் பெட்டியைத் திறப்பது லாட்டரி சமாசாரம். பெல்ஜியத்திலும் நெதர்லாந்திலும் 2018-லேயே அதற்குத் தடை வந்தது. நம் நாட்டில் 2025-ல் வந்த ஆன்லைன் கேமிங் சட்டமும், பணம் வைத்து ஆடும் ஆட்டங்களைத் தடைசெய்து, இ-ஸ்போர்ட்ஸைத் தனியாகப் பிரித்து அங்கீகரிக்கிறது.

உங்கள் வீட்டுப் பிள்ளை ஆடும் கேம் எந்த ரகம் என்று தெரிந்துகொள்ள, தோற்றுவிட்டு ஹெட்போனைக் கழற்றும்போது ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: “ஏன் தோத்தே?”

“அவன் காசு போட்டு பெரிய துப்பாக்கி வாங்கிட்டான்” என்று பதில் வந்தால், அது கடை. “எல்லாம் லக்கு” என்றால், அது பொழுதுபோக்கு. “கையில காசு இருந்தும் நான் ஸ்மோக் வாங்கல, அவசரப்பட்டு எட்டிப் பார்த்துட்டேன்” என்று பதில் வருகிறதா? கொஞ்ச நேரம் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். அங்கே ஒரு போட்டி நடந்துகொண்டிருக்கிறது.